பெட்பேனில் விளைந்த மருந்து! - பெனிசிலினை உருவாக்கிய ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வுக்கூட மனிதர்கள்

1941 பிப்ரவரி. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில், ராட்கிளிஃப் மருத்துவமனையிலிருந்து பல்கலைக்கழகத்தின் நோயியல் ஆய்வுக்கூடத்துக்கு நாள் தவறாமல் ஒரு சைக்கிள் பயணம் நடந்தது. அந்த சைக்கிளில் போனது என்ன தெரியுமா? ஒரு நோயாளியின் சிறுநீர்!

பரிசோதனை செய்து நோயைக் கண்டுபிடிப்பதற்காக அல்ல. அந்தச் சிறுநீரில் கரைந்து வெளியே வந்துவிட்ட மருந்தைத் திரும்பப் பிரித்தெடுத்து, அதே நோயாளிக்கு மறுபடியும் ஊசியில் ஏற்றுவதற்காக. காசு கொடுத்தாலும் அந்த மருந்து உலகின் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காது. அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் இரவு பகலாக உழைத்துச் சேர்த்தது சில கிராம்கள்தான். அதில் ஒரு துளியைக்கூட வீணாக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

அந்த மருந்தின் பெயர் பெனிசிலின்.

'பெனிசிலினைக் கண்டுபிடித்தவர் யார்?' என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டால், 'அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங்' என்று பட்டென பதில் வரும். தப்பில்லை. ஆனால், ஃப்ளெமிங் பார்த்தது ஒரு பூசணத்தை. அந்தப் பூசணத்தை மனிதர்களுக்குப் போடும் ஊசிமருந்தாக மாற்றியது வேறொரு கூட்டம். அதில் பேராசிரியர் இருந்தார், அகதியாக வந்த வேதியியலாளர் இருந்தார், எதையும் தன் கையாலேயே செய்துபார்த்துவிடும் இளைஞர் இருந்தார், வாரக் கூலிக்குப் பாத்திரம் கழுவி நிரப்பிய பெண்கள் இருந்தார்கள். அவர்களின் கதை இது.

12 ஆண்டுகள் தூங்கிய பூசணம்

1928 செப்டம்பர். லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் ஆராய்ச்சியாளராக இருந்த ஃப்ளெமிங், விடுமுறை முடிந்து வந்தார். கிருமி வளர்க்கும் தட்டு ஒன்றில் பூசணம் பூத்திருந்தது. பழைய ரொட்டியில் பூப்பது போன்றதுதான். ஆனால், பூசணத்தைச் சுற்றியிருந்த கிருமிகள் மட்டும் கரைந்து காணாமல்போயிருந்தன. பூசணம் ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது, அது கிருமியைக் கொல்கிறது என்பதைப் புரிந்துகொண்ட ஃப்ளெமிங், அதற்கு பெனிசிலின் என்று பெயர்வைத்து 1929-ல் கட்டுரை எழுதினார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். அந்தப் பொருளைத் தனியாகப் பிரிக்க முயன்றால் அது சிதைந்துபோனது. ஃப்ளெமிங் வேதியியலாளர் அல்ல. சில முயற்சிகளுக்குப் பிறகு அவர் வேறு வேலைகளுக்குத் திரும்பிவிட்டார். பெனிசிலின், பழைய மருத்துவ இதழின் பக்கங்களில் தூங்கிப்போனது.

அந்தக் காலத்தில் கிருமித்தொற்று என்றால் என்ன அர்த்தம் என்பதை இன்று நினைத்துப் பார்ப்பது கடினம். சவரம் செய்யும்போது பட்ட கீறல், பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சல், குழந்தையின் காதில் வந்த சீழ்... எதுவும் உயிரைக் குடிக்கலாம். 1930-களில் வந்த சல்ஃபா மருந்துகள் ஓரளவு உதவின. ஆனால், சீழ் கட்டிய இடத்தில் அவை சரியாக வேலை செய்யவில்லை.

மூன்று பேர், மூன்று குணம்

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 'சர் வில்லியம் டன் நோயியல் கூட'த்துக்கு 1935-ல் தலைமைப் பேராசிரியராக வந்தவர் ஹோவர்டு ஃப்ளோரி. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 1898-ல் பிறந்தவர். கறாரான பேர்வழி. புகழ்ச்சியும் பிடிக்காது, பத்திரிகைக்காரர்களையும் பிடிக்காது. ஆனால், எந்த வேலைக்கு எந்த ஆள் சரியாக வருவார் என்பதைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்.

அவர் சேர்த்துக்கொண்டவர்களில் ஒருவர் எர்ன்ஸ்ட் செயின். பெர்லினில் பிறந்த யூதர். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர். அம்மாவும் சகோதரியும் ஜெர்மனியிலேயே இருந்துவிட்டார்கள். பின்னாளில் இருவருமே நாஜிகளின் வெறியாட்டத்துக்குப் பலியானார்கள். செயின் சிறந்த பியானோ கலைஞரும்கூட. சட்டென்று உணர்ச்சிவசப்படுவார். மின்னல் வேகத்தில் யோசிப்பார்.

1938-ல், கிருமிகளைக் கொல்லும் இயற்கைப் பொருள்கள் பற்றிய பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்துக்கொண்டிருந்த செயினின் கண்ணில் ஃப்ளெமிங்கின் கட்டுரை பட்டது. 'இந்தப் பூசணம் எங்கே கிடைக்கும்?' என்று அவர் தேடியபோது ஆச்சர்யம் காத்திருந்தது. வேறொரு வேலைக்காக அதே பூசணத்தை அதே கட்டடத்தில் ஏற்கெனவே வளர்த்துவந்தார்கள்!

மூன்றாமவர் நார்மன் ஹீட்லி. 1911-ல் பிறந்த உயிர்வேதியியலாளர். கூச்ச சுபாவம். சத்தமாகப் பேசவே மாட்டார். ஆனால், கண்ணாடிக் குழாய், பழைய மரப்பலகை, கம்பி என்று கையில் எது கிடைத்தாலும் அதை வைத்து ஒரு கருவியைச் செய்துவிடுவார். அவர் மேற்படிப்புக்காக டென்மார்க் போவதாக இருந்தது. 1939 செப்டம்பரில் போர் மூண்டதால் பயணம் நின்றது. ஆக்ஸ்ஃபோர்டிலேயே தங்கிவிட்டார். ஓர் இளைஞனின் தடைப்பட்ட பயணம், பிறகு பல லட்சம் பேரின் உயிர்க்காப்பாக மாறியது.

பணம்? அதுதான் இல்லை. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முதலில் கொடுத்தது வெறும் 25 பவுண்டு. பிறகு, அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஆண்டுக்கு 5,000 டாலர் என்று 5 ஆண்டுகளுக்குத் தர முன்வந்த பிறகுதான் ஃப்ளோரியால் மூச்சுவிட முடிந்தது.

ஹீட்லியின் தந்திரம்

பூசணத்தை வளர்க்கும் திரவத்தில் பெனிசிலின் மிக மிகக் குறைவாகத்தான் இருக்கும். திரவத்தைக் குளிரவைத்து, அமிலம் சேர்த்து, ஈதர் விட்டுக் குலுக்கினால் பெனிசிலின் தண்ணீரைவிட்டு ஈதருக்குத் தாவிவிடும். அதுவரை சரி. ஈதரிலிருந்து அதை எப்படி வெளியே எடுப்பது? அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். ஆவியாக்கினால் மருந்து கெட்டுப்போகும்.

ஹீட்லி ஒரு யோசனை சொன்னார். அமிலம் சேர்த்தால் ஈதருக்குப் போகிறது அல்லவா? அப்படியானால், அமிலத்தன்மை இல்லாத தண்ணீரை அந்த ஈதரில் விட்டுக் குலுக்கினால் பெனிசிலின் திரும்பவும் தண்ணீருக்கே வந்துவிடுமே!

கேட்டால் குழந்தைத்தனமாக இருந்தது. செயினுக்கு நம்பிக்கை இல்லை. வேண்டுமானால் நீங்களே செய்து பாருங்கள் என்ற தொனியில் விட்டுவிட்டார். ஹீட்லி செய்து பார்த்தார். வேலை செய்தது! 12 ஆண்டுகளாகக் கைக்குச் சிக்காத பொருள், பழுப்பு நிறப் பொடியாக அவர்கள் கைக்கு வந்தது.

திரவத்தில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அளக்கும் எளிய முறையையும் ஹீட்லிதான் உருவாக்கினார். கிருமி வளரும் தட்டில் சின்னஞ்சிறு குழாய்த் துண்டுகளை நிறுத்தி, அதற்குள் திரவத்தை விடுவார். சுற்றிலும் கிருமி செத்துப்போன வட்டம் எவ்வளவு பெரிதோ, மருந்து அவ்வளவு அதிகம்.

8 சுண்டெலிகளும் ஒரு நள்ளிரவும்

1940 மே 25, சனிக்கிழமை. காலை 11 மணிக்கு, 8 சுண்டெலிகளின் உடலில் உயிரைக் கொல்லும் அளவுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை ஃப்ளோரி ஏற்றினார். கூடமாட உதவியவர் ஜிம் கென்ட். கேம்பிரிட்ஜ் காலத்திலிருந்தே ஃப்ளோரியின் நிழலாக இருந்த ஆய்வுக்கூட உதவியாளர். ஒரு மணி நேரம் கழித்து, 4 எலிகளுக்கு பெனிசிலின் போட்டார்கள். மற்ற நான்குக்கு எதுவும் போடவில்லை.

இரவும் எலிக்கூண்டின் அருகிலேயே இருந்தார் ஹீட்லி. நள்ளிரவுக்குப் பிறகு மருந்து போடாத எலிகள் ஒவ்வொன்றாகச் சாய ஆரம்பித்தன. அதிகாலை 3.45 மணிக்கு நான்காவதும் செத்தது. மருந்து போட்ட நான்கும் உயிரோடு இருந்தன!

போர்க்கால இருட்டடிப்பு. தெருவில் ஒரு விளக்குகூட இல்லை. அந்த இருட்டில் சைக்கிளை மிதித்து வீடு வந்து சேர்ந்த ஹீட்லி, அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். இருட்டில் அவசரமாக உடை மாட்டியதில், உள்ளாடையை முன்பின்னாகப் போட்டிருந்தார்! மருத்துவ வரலாற்றின் முக்கியமான இரவைப் பற்றிய குறிப்பில் இதையும் மறக்காமல் எழுதிவைத்தார் அந்த வெள்ளந்தி மனிதர்.

அதற்கு அடுத்த நாள்தான், ஜெர்மானியப் படையிடம் சிக்கிய பிரிட்டிஷ் வீரர்களை டன்கிர்க் கடற்கரையிலிருந்து மீட்கும் வேலை தொடங்கியது. அடுத்து இங்கிலாந்து மீதே ஹிட்லர் படையெடுப்பார் என்ற பயம் நாடெங்கும் இருந்தது. ஃப்ளோரி தம்பதி தங்கள் இரண்டு குழந்தைகளையும் பாதுகாப்புக்காக அமெரிக்காவில் இருந்த நண்பரின் வீட்டுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள்.

ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். தங்கள் கோட்டுகளின் உள்துணியில் பூசணத்தின் விதைத்துகள்களைத் தேய்த்துக்கொண்டார்கள். படையெடுப்பு நடந்தால் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டியதுதான். ஆனால், யாராவது ஒருவர் தப்பித்து எங்கோ போய்ச் சேர்ந்தால், கோட்டை உதறி மறுபடியும் பூசணத்தை வளர்த்துவிடலாம் அல்லவா?

பெட்பேன், பிஸ்கட் டின், லெமனேட் பாட்டில்

எலி பிழைத்துவிட்டது. ஆனால், மனிதர் எலியைவிட ஏறக்குறைய 3,000 மடங்கு எடை. ஒரே ஒரு நோயாளிக்கு மருந்து தயாரிக்க சுமார் 2,000 லிட்டர் பூசணத் திரவம் வேண்டும். மருந்து கம்பெனிகள் போர்க்கால வேலையில் மூழ்கியிருந்தன. சரி, பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தையே தொழிற்சாலை ஆக்கிவிடுவோம் என்று துணிந்தார் ஃப்ளோரி.

பூசணம் திரவத்தின் மேல்பரப்பில் மட்டுமே ஆடை போலப் படர்ந்து வளரும். அதனால், ஆழம் குறைவான அகலப் பாத்திரங்கள் நிறைய தேவைப்பட்டன. பிஸ்கட் டின், பலகாரத் தட்டு, தகர கேன் என்று கிடைத்ததையெல்லாம் ஹீட்லி முயன்று பார்த்தார். எல்லாவற்றிலும் சிறப்பாக வேலை செய்தது எது தெரியுமா? படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளுக்கு வைக்கும் பெட்பேன்!

மூடியதுபோன்ற அமைப்பு, ஆழமில்லாத உட்பகுதி, ஓரத்தில் வாய். பூசணத்துக்கு அது சொகுசு வீடு. ஆனால், மருத்துவமனைகளிடமிருந்து எத்தனை பெட்பேன்களைத்தான் கேட்டு வாங்க முடியும்? அதே மாதிரியை வைத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக்கூடிய செவ்வக வடிவப் பீங்கான் பாத்திரம் ஒன்றை ஹீட்லி வரைந்தார். பீங்கான் தொழிலுக்குப் பெயர்போன ஸ்டோக் பகுதியில் இருந்த ஒரு நிறுவனம் செய்துகொடுத்தது. 1940 டிசம்பர் 23 அன்று, இரவல் வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டு போய், 174 பாத்திரங்களை ஏற்றிவந்தார் ஹீட்லி. மறுநாள் கழுவி, கிருமி நீக்கம் செய்தார்கள். அதற்கு மறுநாள், கிறிஸ்துமஸ். ஊரே விருந்தில் இருக்க, ஆய்வுக்கூடத்தில் அந்தப் பாத்திரங்களில் பூசணம் விதைக்கும் வேலை நடந்தது.

பிரித்தெடுக்கும் இயந்திரமும் அதே கதைதான். ஒரு நூலகம் வேண்டாமென்று கழித்த புத்தக அலமாரிதான் அதன் சட்டம். அதில் கவிழ்த்துத் தொங்கவிட்ட லெமனேட் பாட்டில்கள், கண்ணாடிக் குழாய்கள், பாட்டில் காலியானால் அடிக்கும் காலிங் பெல், வண்ண விளக்குகள். பிறகு, உற்பத்தி பெருகியபோது குளியல் தொட்டியும் பால் கேன்களும் வந்து சேர்ந்தன. பார்க்கிறவர்களுக்கு அது ஆய்வுக்கூடமா, பழைய சாமான் கடையா என்று சந்தேகம் வந்திருக்கும்!

'பெனிசிலின் கேர்ள்ஸ்'

இவ்வளவு பாத்திரங்களைக் கழுவி, நிரப்பி, காவல் காப்பது யார்? அதற்காகச் சேர்க்கப்பட்டவர்கள்தான் 6 இளம்பெண்கள். ரூத் காலோ, கிளேர் இனாயத், பெட்டி குக், பெக்கி கார்ட்னர், மேகன் லங்காஸ்டர், பட்ரீஷியா மெக்கெக்னி. வாரச் சம்பளம் 2 பவுண்டு. ஆய்வுக்கூடம் அவர்களுக்கு வைத்த செல்லப்பெயர், 'பெனிசிலின் கேர்ள்ஸ்'.

தலைக்குத் தொப்பி, வாய்க்கு முகக்கவசம், வெள்ளை அங்கி. பாத்திரத்தைக் கழுவ வேண்டும், ஊட்டச்சத்துத் திரவத்தை நிரப்ப வேண்டும், நீராவியில் கிருமி நீக்கம் செய்ய வேண்டும். பிறகு, பெயின்ட் அடிக்கும் ஸ்ப்ரே துப்பாக்கியால் பூசண விதைத்துகளைத் தெளிக்க வேண்டும். தள்ளுவண்டியில் ஏற்றி, வெதுவெதுப்பான அறையில் அடுக்க வேண்டும். சுமார் 10 நாள் கழித்து, பூசண ஆடை கிழியாமல் அடியிலிருக்கும் மஞ்சள் திரவத்தை மட்டும் உறிஞ்சி எடுக்க வேண்டும். மறுபடி புதுத் திரவம், மறுபடி காத்திருப்பு.

காற்றிலிருந்து வேறு கிருமி விழுந்துவிட்டால் போச்சு. சில கிருமிகள் பெனிசிலினையே தின்று அழித்துவிடும். 10 நாள் உழைப்பு சாக்கடைக்குத்தான் போகும். ஆகவே, அந்தப் பெண்களின் கைச்சுத்தத்தில்தான் மருந்தின் அளவே அடங்கியிருந்தது.

அடுத்த கட்டமான பிரித்தெடுப்பு இன்னும் கஷ்டம். அமிலம் சேர்ந்த பெனிசிலின் சூட்டில் உடனே கெட்டுவிடும் என்பதால், குளிரூட்டிய அறையில் வேலை. கம்பளித் தொப்பி, மஃப்ளர், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஈதருக்குப் பதிலாக வந்த அமைல் அசிடேட் என்ற ரசாயனம், வாழைப்பழ எசன்ஸ் போல மணக்கும். மணம்தான் இனிமை, சுவாசித்தால் உடம்புக்கு ஆகாது, சுலபமாகத் தீயும் பற்றிக்கொள்ளும். அதற்கு நடுவில்தான் அவர்கள் நாளெல்லாம் நின்றார்கள்.

5 நாள் அதிசயம்

1941 பிப்ரவரி 12. ராட்கிளிஃப் மருத்துவமனையில் படுத்திருந்தார் ஆல்பர்ட் அலெக்ஸாண்டர். 43 வயது போலீஸ்காரர். ரோஜா முள் கீறியதால் வந்த புண் என்றுதான் நீண்ட காலம் கதை சொல்லப்பட்டது. சவுத்தாம்ப்டன் நகரில் பாதுகாப்புப் பணியில் இருந்தபோது குண்டுவீச்சில் பட்ட காயம் அது என்று அவர் மகள் பின்னாளில் சொன்னார். எப்படியோ, முகத்தில் தொடங்கிய சீழ் தலை, நுரையீரல் என்று பரவிவிட்டது. ஒரு கண்ணை எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்து, அதையும் எடுத்திருந்தார்கள். சல்ஃபா மருந்து பலிக்கவில்லை. மரணத்தை எதிர்பார்த்துக் கிடந்தார்.

சார்லஸ் ஃப்ளெட்சர் என்ற இளம் டாக்டர் அவருக்கு பெனிசிலின் ஊசியைப் போட்டார். பிறகு, 3 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரே நாளில் மாற்றம் தெரிந்தது. காய்ச்சல் இறங்கியது. முகவீக்கம் வடிந்தது. மனிதருக்குப் பசி எடுத்தது!

ஆனால், பெனிசிலின் உடம்பில் தங்கவில்லை. ஓட்டைக் குடத்தில் ஊற்றும் தண்ணீர் போல, ஏற்ற ஏற்ற சிறுநீரில் வெளியேறியது. அதனால்தான் அந்த சைக்கிள் பயணம். மருத்துவமனையில் சேகரித்த சிறுநீரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், மருந்தைப் பிரித்து, மறுபடி கொண்டுவந்து ஏற்றினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் மருந்து கொஞ்சம் குறைந்தது.

பிப்ரவரி 17. கையிருப்பு தீர்ந்தது. 5 நாள்களில் அவர் உடம்பில் ஏறிய மருந்து மொத்தமே சுமார் 4.4 கிராம். ஒரு டீஸ்பூன் உப்பைவிடக் குறைவு. இன்னும் சில கிராம் இருந்திருந்தால்..?

சில நாள்கள் நிலைமை தாக்குப்பிடித்தது. பிறகு, கிருமிகள் மீண்டும் தலைதூக்கின. மார்ச் 15 அன்று ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் இறந்துபோனார். மருந்து தோற்கவில்லை. மருந்து போதவில்லை. அந்த வலி ஆய்வுக்கூடத்தில் இருந்த எல்லோரையும் உலுக்கியது. பாதியில் தீர்ந்துபோகும் அளவு மருந்தை வைத்துக்கொண்டு இனி யாருக்கும் சிகிச்சை தொடங்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். குறைந்த மருந்தே போதும் என்பதால் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதில் நாலரை வயதுச் சிறுவன் ஒருவன். அம்மைக்குப் பின் வந்த தொற்று கண்ணுக்குப் பின்னால் மூளை வரை பரவி, நினைவிழந்து கிடந்தான். பெனிசிலின் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து பொம்மையோடு விளையாடினான். எல்லோரும் மகிழ்ந்திருந்தபோது, நோயால் ஏற்கெனவே பலவீனமான மூளை ரத்தக்குழாய் ஒன்று வெடித்து இறந்துபோனான். பிரேதப் பரிசோதனையில் கிருமித்தொற்று நீங்கியிருந்தது தெரிந்தது. மற்ற நோயாளிகள் பிழைத்தார்கள்.

கடல் கடந்த பூசணம்

இதற்கு மேல் பெட்பேன் பாத்திரங்களால் தாங்காது என்பது ஃப்ளோரிக்குப் புரிந்தது. 1941 ஜூன் இறுதியில் அவரும் ஹீட்லியும் பூசணத்தை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார்கள். தன்னிடம் கலந்து பேசாமல், தன்னை விட்டுவிட்டுப் போனது செயினை ஆழமாகக் காயப்படுத்தியது. ஒரே ஆய்வுக்கூடத்தில் தோளோடு தோள் நின்றவர்களிடையே அந்த விரிசல் கடைசி வரை முழுதாக ஆறவில்லை.

இல்லினாய் மாகாணத்தின் பியோரியா நகரில் இருந்த அரசு வேளாண் ஆய்வகத்தில் ஹீட்லி மாதக்கணக்கில் தங்கி, தான் கற்றதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். சோளத்திலிருந்து மாவு எடுத்த பிறகு மிஞ்சும் கழிவுநீரைச் சேர்த்தால் விளைச்சல் பல மடங்கு கூடுவது அங்கே தெரியவந்தது. 1943-ல் பியோரியா சந்தையில் கிடைத்த ஒரு முலாம்பழத்தின் பூசணம் இன்னும் அதிக மருந்தைச் சுரந்தது. பீங்கான் பாத்திரம் போய், பிரமாண்டமான தொட்டிகள் வந்தன. போர் முடிவதற்குள், காயம்பட்ட நேச நாட்டு வீரர்களுக்கு பெனிசிலின் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது.

ஆக்ஸ்ஃபோர்டிலும் வேலை நிற்கவில்லை. ஃப்ளோரியின் மனைவி எத்தல் ஒரு டாக்டர். காது சரியாகக் கேட்காது. ஆனால், மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்து நோயாளிகளுக்கு பெனிசிலின் கொடுத்து, எவ்வளவு, எத்தனை நாள் என்று குறித்துவைத்தவர் அவர்தான். கணவனும் மனைவியும் சேர்ந்து 1943-ல் 187 நோயாளிகளின் விவரங்களோடு வெளியிட்ட கட்டுரை, உலக டாக்டர்களுக்கு வழிகாட்டியானது.

யாருக்குப் புகழ்?

1942 ஆகஸ்ட். ஃப்ளெமிங், தன் குடும்ப நண்பர் ஒருவர் மூளைக்காய்ச்சலில் உயிருக்குப் போராடுவதாகச் சொல்லி ஃப்ளோரியிடம் மருந்து கேட்டார். ஃப்ளோரி தன் கையிருப்பைக் கொடுத்து, போடும் முறையையும் சொல்லி அனுப்பினார். நண்பர் பிழைத்தார். பத்திரிகைகள் லண்டனில் ஃப்ளெமிங்கின் வாசலில் குவிந்தன. ஆக்ஸ்ஃபோர்டிலோ ஃப்ளோரி நிருபர்களைச் சந்திக்கவே மறுத்தார். இல்லாத மருந்தைக் கேட்டு ஆயிரக்கணக்கான தாய்மார்கள் வந்து நின்றால் என்ன பதில் சொல்வது என்பது அவர் கவலை. மக்கள் மனதில் பெனிசிலின் என்றால் ஃப்ளெமிங் என்று பதிந்தது அப்படித்தான்.

1945-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஃப்ளெமிங், ஃப்ளோரி, செயின் மூவருக்கும் கிடைத்தது. ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பகிர்ந்ததில்லை. ஹீட்லி நான்காவது ஆள்.

அவர் அதற்காகப் புலம்பவில்லை. ஆக்ஸ்ஃபோர்டிலேயே அமைதியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றார். 1990-ல், அவருக்கு 79 வயதானபோது, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் கௌரவ மருத்துவ டாக்டர் பட்டம் கொடுத்தது. மருத்துவம் படிக்காத ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது, பல்கலைக்கழகத்தின் 800 ஆண்டு வரலாற்றில் அதுவே முதல்முறை. அதே ஆய்வுக்கூடத்துக்குப் பின்னாளில் தலைவரான ஹென்றி ஹாரிஸ், ஃப்ளெமிங்கில் தொடங்கி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்து, ஹீட்லி இல்லையென்றால் பெனிசிலினே இல்லை என்று முடித்தார். 2004-ல் ஹீட்லி மறைந்தார்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். முதல் நோயாளிக்கு ஊசி போடுவதற்கு முன்பே, 1940 டிசம்பரில், பெனிசிலினை அழிக்கும் பொருளைச் சில கிருமிகள் சுரக்கின்றன என்பதை செயினும் சக ஆய்வாளர் எட்வர்டு ஆபிரகாமும் கண்டுபிடித்துக் கட்டுரை எழுதிவிட்டார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் என்று இன்று டாக்டர்கள் அஞ்சும் ஆபத்தின் முதல் எச்சரிக்கைகளில் ஒன்று அது. சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் நாமாகவே கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடும்போதும், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நம் இஷ்டத்துக்குப் பாதியில் நிறுத்தும்போதும், மருந்து போதாமல் இறந்துபோன அந்தப் போலீஸ்காரரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் பூங்காவின் வாசலில் ஒரு ரோஜாத் தோட்டம் இருக்கிறது. பெனிசிலின் ஆராய்ச்சியாளர்களின் நினைவாக 1953-ல் அமெரிக்க அறக்கட்டளை ஒன்று பரிசளித்தது. அங்கே ஒரு கல்லில் 10 பெயர்கள். அகர வரிசையில் இருப்பதால், பேராசிரியருக்கும் உதவி ஆய்வாளருக்கும் அதில் பேதம் இல்லை. ஹீட்லி இருக்கிறார். எத்தல் ஃப்ளோரி இருக்கிறார். ஊசி போட்ட ஃப்ளெட்சர் இருக்கிறார்.

எலிக்கூண்டு அருகே நின்ற ஜிம் கென்ட்டின் பெயர் அதில் இல்லை. ரூத், கிளேர், பெட்டி, பெக்கி, மேகன், பட்ரீஷியா... இந்த ஆறு பேரும் இல்லை. ஆனால், அவர்கள் கையாண்ட பீங்கான் பாத்திரங்களில் சில இன்றும் அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. உள்ளே பளபளவென்று, ஒரு கறை இல்லாமல்!